டெலீட் செய்த பிறகும் என் பதிவுகள் தெரிகின்றனவே!

கோவையிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதைக் கண்டித்து இந்தியாவிலிருந்து பலர், தனித்தனி சர்வர்கள் இணைந்து இயங்கும் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்குப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். தனிநபர் ஒருவர் நடத்திவந்த சிறிய சர்வரில் புனைபெயரில் கணக்குத் தொடங்கினார். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடம் என்பதால் மனம்விட்டு எழுதினார். மாமியார் வீட்டுச் சண்டை, கணவரின் கோபம், கவுன்சலிங் போனது, தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டது, இடையிடையே சீருடையில் மகளின் புகைப்படங்கள். 2022 கடைசியில் ஜெர்மனியிலிருந்து இயங்கும் வேறொரு சர்வருக்குக் கணக்கை மாற்றிக்கொண்டார். பழைய சர்வர் மறு ஆண்டே சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டுவிட்டது.

இப்போது கணவன், மனைவி பிரிந்திருக்கிறார்கள். மகள் யாரிடம் இருப்பது என்ற மனு குடும்ப நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. “நீ எழுதியதெல்லாம் பிரின்ட் எடுத்து வெச்சிருக்கோம்” என்று கணவர் தரப்பில் ஒருவர் சொல்லியிருக்கிறார். பதறிப்போன வாசகி, ஒரே இரவில் உட்கார்ந்து இருநூறு பதிவுகள் வரை டெலீட் செய்தார். மறுநாள் வேறொரு சர்வரில் இருக்கும் தோழியைப் பார்க்கச் சொன்னால், சில பதிவுகள் அங்கே அப்படியே இருக்கின்றன. மூடப்பட்ட சர்வரில் எழுதியவைகூட இருக்கின்றன. “நான் எழுதியதை நானே அழிக்க முடியாதென்றால் இது என்ன நியாயம்? புதிதாக வந்திருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கேஸ் போடலாமா? அந்தக் கணக்கு என்னுடையது இல்லை என்று சொல்லிவிடச் சொல்கிறார் ஒரு நண்பர். என்ன செய்யட்டும்?” என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்விகளுக்கு நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. அவசரமானது எதுவோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இனி ஒரு பதிவைக்கூட இப்போதைக்கு அழிக்காதீர்கள்

வழக்கு நடக்கும்போது அவசரப்பட்டு அழிப்பது, அந்தப் பதிவுகளைவிட அதிகமாக உங்களுக்குக் கெடுதல் செய்யும். நீதிமன்றத்தில் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடிய ஓர் ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ, அது சாட்சியமாக வந்துவிடக் கூடாது என்ற நோக்கத்தில் அழிப்பது நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவின்படி குற்றம். நீங்கள் செய்தது அந்தக் குற்றம்தான் என்று நான் சொல்லவில்லை. மகளின் படங்கள் பொதுவெளியில் கிடக்கின்றனவே என்ற பயத்தில் அழித்ததாக நீங்கள் விளக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை அப்படி வைக்க மாட்டார். “மறைக்க ஏதோ இருந்ததால்தானே அழித்தார்” என்பார். அழித்தவர் சொல்லும் விளக்கத்தை நீதிபதி சந்தேகத்தோடுதான் கேட்பார்.

எனவே, பிரதியை உங்கள் கையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதன் பிறகு பொதுப் பார்வையிலிருந்து எடுங்கள். இரண்டையும் உங்கள் வழக்கறிஞருக்குத் தெரியப்படுத்திவிட்டுச் செய்யுங்கள். இப்படிச் செய்தால் நீங்கள் சாட்சியத்தை அழித்ததாக யாரும் சொல்ல முடியாது. மாஸ்டடானின் அமைப்புகளில் உங்கள் பதிவுகளையும் நீங்கள் ஏற்றிய படங்களையும் மொத்தமாகக் கேட்டு வாங்கும் வசதி இருக்கிறது. ஏழு நாளைக்கு ஒருமுறை கேட்கலாம். இன்றே கேளுங்கள்.

ஏற்கெனவே அழித்தவை அந்தத் தொகுப்பில் வராது. இங்கேதான், எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதுவே உதவிக்கு வருகிறது. தோழியின் சர்வரில் மிச்சமிருக்கும் பிரதிகளை, தேதி, நேரம், கீழே வந்த பதில்கள் எல்லாம் தெரியும்படி சேமித்துத் தரச் சொல்லுங்கள். கணவர் தரப்பு வைத்திருக்கும் பிரின்டில் நீங்கள் ஆத்திரத்தில் எழுதிய நாலு வரி மட்டும் இருக்கும். அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதியது இருக்காது. சம்பவம் நடந்த அன்றே எழுதிய குறிப்புக்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. அது உங்கள் பக்கமும் பேசும்.

“கணக்கு என்னுடையது இல்லை” என்ற யோசனையைத் தூக்கிப் போடுங்கள். புனைபெயர்க் கணக்கை உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு என்பது சரிதான். ஆனால் பிரமாணப் பத்திரத்தில் பொய் சொல்லி, பிறகு மகளின் ஒரு படத்தை வைத்தே அது உடைந்தால், மற்ற எல்லா விஷயத்திலும் உங்கள் சொல் எடுபடாமல் போய்விடும். நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு வழக்கறிஞரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

சான்றிதழ் இல்லாத ஸ்க்ரீன்ஷாட் செல்லாது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். நம் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பது உண்மை. ஆனால் 1984-ம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 14-வது பிரிவில், வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால் சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தகாத ஆவணத்தையும் பார்க்கலாம் என்று சொல்கிறது. தொழில்நுட்பக் காரணத்தில் அந்தப் பிரின்ட் தள்ளுபடியாகும் என்று நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்று. தூக்க மாத்திரையைப் பற்றி எழுதியதால் குழந்தையை இழந்துவிடுவோம் என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிப்பதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் அந்த நிலைக்குக்கூட வரவில்லை. கஷ்டமான காலத்தில் உதவி தேடிப் போயிருக்கிறீர்கள். நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை. சிகிச்சை எடுத்த தாயைவிட, சிகிச்சையை மறைக்கப் பார்த்த தாய்க்குத்தான் குறுக்கு விசாரணை கடினமாக இருக்கும்.

டெலீட் என்பது அங்கே ஒரு கோரிக்கை

இப்போது நெட்வொர்க்குக்கு வருவோம். ஃபேஸ்புக் போன்ற இடத்தில் பதிவு ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. நீங்கள் அழித்தால் அந்த நிறுவனம் எல்லோருடைய பார்வையிலிருந்தும் அதை எடுத்துவிடும். மாஸ்டடான் அப்படி அல்ல. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றையும் நடத்த ஒரு அட்மின் (நிர்வாகி). அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை முறையான தரமாக ஏற்றது. நீங்கள் ஒரு பதிவு போட்டதும், உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்த சர்வரில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் ஒரு பிரதி போய், அந்தந்த சர்வரின் டேட்டாபேஸில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் டெலீட் அழுத்தினால், “இதை அழித்துவிடுங்கள்” என்ற செய்தி அதே வழியில் போகும். கல்யாணப் பத்திரிகை கொடுத்த பிறகு தேதி மாறினால் வீடு வீடாகச் சொல்லி அனுப்புவது போலத்தான். ஒழுங்காக நடக்கும் சர்வர்கள் சொன்னதைக் கேட்கும். மாஸ்டடான் மென்பொருள் தானாகவே கேட்கும்.

பிறகு ஏன் மிச்சமிருக்கிறது? உங்கள் சர்வர் செய்தி அனுப்புவது தனக்குத் தெரிந்த இடங்களுக்கு மட்டும்: பின்தொடர்பவர்கள், நீங்கள் பெயர் குறிப்பிட்டவர்கள், பூஸ்ட் (மறுபகிர்வு) செய்தவர்கள். வேறு சர்வரில் யாரோ உங்கள் பதிவின் இணைப்பைத் தேடலில் ஒட்டி இழுத்துவைத்திருந்தால் அது உங்கள் சர்வருக்குத் தெரியாது. பெறவேண்டிய சர்வர் நீண்ட நாள் படுத்துக் கிடந்தால் செய்தி போய்ச் சேராது. இரண்டு சர்வர்களுக்கும் இடையே சண்டை வந்து தொடர்பைத் துண்டித்திருந்தாலும் அப்படியே. சில மென்பொருள்கள் செய்தியைப் பெற்றும் கண்டுகொள்வதில்லை.

அடுத்தது, கணக்கை மாற்றியபோது பதிவுகளும் கூடவே வந்துவிட்டன என்று நினைத்திருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வருவது பின்தொடர்பவர்கள் மட்டும். நீங்கள் 2019 முதல் 2022 வரை எழுதியது எல்லாம் பழைய சர்வரிலேயே இருந்தது. அந்த சர்வர் செத்துப்போனதால், “அழித்துவிடுங்கள்” என்று சொல்ல வேண்டிய வாய் இல்லாமல் போய்விட்டது. பொறுப்பான அட்மின் மூடுவதற்கு முன் எல்லா சர்வர்களுக்கும் எங்கள் கணக்குகளை நீக்குங்கள் என்று அறிவிக்கும் ஒரு கட்டளையை ஓட்டிவிட்டுத்தான் மூடுவார். அதற்கான வசதி மென்பொருளிலேயே உண்டு. உங்கள் அட்மின் அதைச் செய்யவில்லை. சில சமயம் அட்மின் நினைத்தாலும் முடியாது. ஆப்கானிஸ்தான் நாட்டு டொமைனில் இயங்கிய ஒரு மாஸ்டடான் சர்வரின் முகவரியை 2024 பிப்ரவரியில் அந்நாட்டு தாலிபான் அரசு முடக்கியபோது, அங்கிருந்தவர்கள் ஒரே நாளில் முகவரி இல்லாதவர்கள் ஆனார்கள்.

ஆறுதலான விஷயமும் இருக்கிறது. வெளி சர்வர்கள் பிறர் படங்களைத் தற்காலிகமாகத்தான் சேமிக்கின்றன. இடம் பிடிக்கும் என்பதால் சில வாரங்களில் துடைத்துவிடும்படி பல அட்மின்கள் வைத்திருப்பார்கள். மூல சர்வர் இல்லாததால் அந்தப் படம் மறுபடி வர வழியில்லை. ஆகவே பழைய கணக்கின் எழுத்து மிச்சமிருந்தாலும், மகளின் படங்கள் பல இடங்களில் வெறும் கட்டமாகத்தான் தெரியும். தோழியிடம் குறிப்பாக அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு, இப்படி மிச்சமிருக்கும் பிரதிகள் பெரும்பாலும் அந்த சர்வரில் கணக்கு வைத்து உள்நுழைந்தவர்களுக்குத்தான் தெரியும். கூகுளில் தேடுபவர் கண்ணில் அவ்வளவு சுலபமாகப் படாது.

இந்தியச் சட்டம் கைகொடுக்காது, ஐரோப்பியச் சட்டம் கொடுக்கலாம்

நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் அழிக்கக் கோரும் உரிமை 12-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் 3-வது பிரிவையும் படிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட நபரே பொதுவில் வெளியிட்ட தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சட்டத்திலேயே உதாரணமும் தந்திருக்கிறார்கள்: ஒருவர் தன் கருத்துகளை எழுதும்போது சமூக ஊடகத்தில் தன் விவரத்தைத் தானே வெளியிட்டால், அதற்கு இச்சட்டம் இல்லை. உங்கள் கதை அச்சு அசலாக அதுதான். குழந்தையின் தரவு விஷயத்தில் பெற்றோரும் ‘சம்பந்தப்பட்ட நபர்’ என்ற வரையறைக்குள் வருவதால், மகளின் படங்களுக்கும் இதே தடை வரும். போதாததற்கு, 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தானே வெளியிட்டதைத் திரும்பப் பெற நினைப்பவருக்குத்தான் இந்த உரிமை அதிகம் தேவை. அவரைத்தான் நம் சட்டம் வெளியே நிறுத்தியிருக்கிறது. என் கருத்தில் இது பெரிய ஓட்டை.

‘மறக்கப்படும் உரிமை’ பற்றிக் கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அது தீர்ப்புகளைப் பற்றிய வழக்கு, உங்களுக்கு உதவாது.

உங்களுக்கு வழி ஜெர்மனியில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே அமைந்திருந்து தரவைக் கையாளுபவருக்கு அது பொருந்தும், தரவுக்கு உரியவர் எந்த நாட்டவர், எங்கே வசிக்கிறார் என்பது கணக்கில்லை. கோவையில் இருந்துகொண்டே நீங்கள் ஜெர்மன் அட்மினிடம் 17-வது பிரிவின்படி அழிக்கக் கோரலாம். நீங்களே வெளியிட்டது என்பது அங்கே தடை இல்லை. ஒரு மாதத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். சிக்கலானதென்றால் மேலும் இரண்டு மாதம் கேட்கலாம், அதையும் காரணத்தோடு முதல் மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். 19-வது பிரிவு, தரவு யாருக்கெல்லாம் கொடுக்கப்பட்டதோ அவர்களுக்கும் அழிப்பைத் தெரிவிக்கச் சொல்கிறது. முடியாத காரியம் என்றாலோ அளவுக்கு மீறிய உழைப்பு தேவை என்றாலோ விலக்கு உண்டு. மாஸ்டடான் அனுப்பும் டெலீட் செய்தி கிட்டத்தட்ட இந்தக் கடமையைத்தான் செய்கிறது.

“பொழுதுபோக்காக நடத்துகிறேன், எனக்கு ஏன் சட்டம்” என்று ஒரு அட்மின் கேட்கலாம். ஸ்வீடனில் தேவாலயப் பணியில் இருந்த ஒரு பெண்மணி சக ஊழியர்களின் விவரங்களைத் தன் சொந்த இணையப் பக்கத்தில் போட்ட வழக்கில், யாரும் பார்க்கக்கூடிய இணையத்தில் வெளியிடுவது வீட்டுக் காரியம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. ஜெர்மன் அட்மின்களுக்கு இது புதிய சேதியும் இல்லை. அந்நாட்டின் கூட்டாட்சித் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகமே அரசுத் துறைகளுக்காக ஒரு மாஸ்டடான் சர்வர் நடத்தியிருக்கிறது. சட்டத்தின் மிரட்டல் இல்லாமலே நல்லவிதமாகக் கேட்டால் செய்துகொடுப்பவர்கள் அங்கே அதிகம்.

இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. உங்கள் பதிவுக்குப் பிறர் எழுதிய பதில்கள் அவர்களுடைய பேச்சு. கணவர் தரப்பு வழக்குக்காக வைத்திருக்கும் பிரின்டை எந்தச் சட்டத்தைக் காட்டியும் பிடுங்க முடியாது. சைபர் கிரைம் புகாரும் இந்த நிலையில் பயனில்லை. யாரும் குற்றம் செய்யவில்லை. நாளைக்கு யாராவது மகளின் படத்தைப் பள்ளிப் பெயரோடு பரப்பினாலோ, படத்தைத் திரித்தாலோ அன்றைக்கே புகார் கொடுங்கள்.

எந்த வரிசையில் செய்யலாம்

தொகுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டும் கைக்கு வந்து, வழக்கறிஞரும் சரி என்ற பிறகு, முதலில் மகள் சம்பந்தப்பட்டவற்றை எடுங்கள். சீருடை, பள்ளி வாசல், வேன் நிற்கும் இடம். உங்கள் மனக்குமுறல்கள் காத்திருக்கலாம், இவை காத்திருக்கக் கூடாது. எடிட் செய்து பள்ளிப் பெயரை மட்டும் நீக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மாஸ்டடானில் திருத்த வரலாறு மற்றவர்களுக்கும் தெரியும், பழைய வரி அங்கேயே நிற்கும்.

மீதியைக் கையால் அழிக்க வேண்டியதில்லை. செயலிகள் வழியாக அழித்தால் அரை மணி நேரத்துக்கு முப்பது என்ற வரம்பு குறுக்கே வரும். அமைப்புகளில் தானியங்கி நீக்கம் இருக்கிறது. இத்தனை மாதத்துக்கு மேல் பழையதை அழி என்று சொல்லிவிட்டால் மெதுவாக அழித்துக்கொண்டே போகும். பக்கத்தின் மேலே ‘பின்’ செய்து நிறுத்தியவை, தனி மென்ஷன்கள் (குறிப்பிட்ட நபர்களுக்கு மட்டும் அனுப்பியவை) போன்றவற்றை விட்டுவைக்கும்படியும் அதில் தேர்வுகள் உண்டு, அவை எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனி மென்ஷன்கள் என்றதும் ஒன்று: அவை பூட்டிய கடிதம் இல்லை. இரு சர்வர்களின் அட்மின்களும் நினைத்தால் படிக்கலாம்.

கணக்கே வேண்டாம் என்று முடிவெடுத்தால், கணக்கை நீக்குவது ஒவ்வொன்றாக அழிப்பதைவிட வலுவானது. இந்தக் கணக்கின் எல்லாவற்றையும் அகற்றுங்கள் என்ற செய்தி போகும். ஆனால் நீக்கிய பின் எதையும் மீட்க முடியாது, அந்தப் பெயரும் திரும்பக் கிடைக்காது. அதோடு, அடுத்த வேலைக்கு அந்தக் கணக்கு உங்களுக்குத் தேவைப்படும். ஆகவே அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்துக்கு மாறினால் இந்தத் தலைவலி இருக்காதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கேயும் அழிப்புச் செய்தி எல்லோருக்கும் போகும். ஆனால் பொதுப் பதிவுகளின் மொத்த ஓட்டத்தையும் யார் வேண்டுமானாலும் குழாயில் பிடிப்பதுபோலப் பிடித்துவைக்கலாம். 2024 நவம்பரில் பத்து லட்சம் ப்ளூஸ்கை பதிவுகளை ஒரு ஏ.ஐ. நிறுவன ஊழியர் தொகுப்பாக வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் எடுத்தார். நாஸ்டர் என்ற இன்னொரு வலைப்பின்னலில் அழிப்பு என்பது பெயரிலேயே ‘கோரிக்கை’தான். ஸ்கட்டில்பட் போன்ற அமைப்பில் எழுதியதன் மேல் எழுதிக்கொண்டே போகலாம், இடையில் உருவ முடியாது. வழக்கு முடியும்வரை எங்கேயும் எழுதாமல் இருப்பதே உசிதம்.

செத்த சர்வரின் மிச்சங்களுக்கு

பழைய கணக்கின் பதிவுகள் எந்தெந்த சர்வரில் தெரிகின்றன என்று தோழி மூலம் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு சர்வரின் ‘பற்றி’ பக்கத்திலும் அட்மினின் தொடர்பு இருக்கும். ஆங்கிலத்தில் சுருக்கமாக மெயில் எழுதுங்கள்: பழைய கணக்கின் முழு முகவரி, அந்த சர்வர் மூடப்பட்டுவிட்டது என்ற தகவல், பதிவுகளின் இணைப்புகள், குழந்தை சம்பந்தப்பட்டவை என்றால் அதை முதல் வரியிலேயே. குடும்ப வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டாம், அவர்களுக்கு அது தேவையில்லை. மின்னஞ்சலைப் படித்த அட்மின், அந்தக் கணக்கை மட்டும் நீக்கலாம், அல்லது இறந்துபோன அந்த டொமைனின் தரவு மொத்தத்தையும் ஒரே கட்டளையில் துடைக்கலாம். அவருக்கு ஐந்து நிமிட வேலை.

அந்தக் கணக்கு உங்களுடையதுதான் என்று எப்படி நம்புவார்? இதற்குத்தான் இப்போதைய கணக்கை வைத்திருக்கச் சொன்னேன். 2022-ல் முறைப்படி மாறினீர்கள் அல்லவா, பழைய கணக்கின் பக்கத்தில் “இவர் இந்தக் கணக்குக்கு மாறிவிட்டார்” என்ற வரி பல சர்வர்களில் இன்னும் இருக்கும். அது சுட்டும் கணக்கிலிருந்தே அட்மினுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், அதற்கு மேல் ஆதாரம் கேட்க மாட்டார்கள். ஆதார் அட்டை நகலை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஐரோப்பாவில் இருக்கும் சர்வர் என்றால் ஜிடிபிஆர் 17-வது பிரிவைக் குறிப்பிட்டு, அனுப்பிய தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டல், அதற்கும் அசையாவிட்டால் அந்த சர்வர் அமைந்த நாட்டின், ஜெர்மனி என்றால் அந்த மாநிலத்தின், தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு இணையவழிப் புகார். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. மெயில்களின் நகலை மட்டும் உங்கள் கோவை வழக்கறிஞரின் கோப்பில் சேர்த்துவிடுங்கள். எதை, எப்போது, எதற்காக எடுக்கச் சொன்னீர்கள் என்று கேள்வி வந்தால் அவர் கையில் பதில் இருக்க வேண்டும்.